கையொப்பமிடுபவரின் மொழியில் கணக்கு: மலேசியத் தமிழ் வணிக இதழியலின் வளர்ச்சியும் கடமையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



வணிக இதழியல் என்றதும் பங்குச்சந்தைப் புள்ளிகளும் பெருநிறுவனங்களின் இலாபக் கணக்குகளுமே பலருடைய நினைவுக்கு வருவதால், அது பணம் படைத்தோர் பணம் படைத்தோருக்காக நடத்தும் துறை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மலேசியத் தமிழர் வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடங்கொடுக்கவில்லை. ரப்பர் விலையோடு கூலி ஏறி இறங்கியதைக் கண்ட தோட்டப் பாட்டாளியும், மாதம் 10 வெள்ளி கட்டி நிலவுடைமையில் பங்கு தேடிய கூட்டுறவு உறுப்பினரும், சமூக முதலீட்டு நிறுவனத்தில் சேமிப்பைப் போட்ட நடுத்தரக் குடும்பத்தாரும் வணிகச் செய்தியால் வாழ்ந்தவர்கள் அல்லது அது கிடைக்காமல் இழந்தவர்கள். அவர்கள் கையொப்பமிட்ட ஆவணங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது மலாயில் இருந்தன. ஆவணத்தின் மொழிக்கும் கையொப்பமிடுபவரின் மொழிக்கும் இடையே நின்று கணக்கைத் திறந்து காட்டுவதே தமிழ் வணிக இதழியலின் முதற்கடமை என்பதும், அக்கடமை நிறைவேறிய காலத்தில் சமூகம் பேரம் பேசும் வலிமை பெற்றது, தவறிய காலத்தில் சேமிப்பை இழந்தது என்பதும் இவ்வுரையின் மையக் கருத்து.

விலை, கூலி, கடன், சேமிப்பு, நிறுவனக் கணக்கு, அரசின் பொருளாதார முடிவு ஆகியவை பற்றிய செய்தியைத் திரட்டி, சரிபார்த்து, விளக்கி வெளியிடும் தொழிலையே இவ்வுரை வணிக இதழியல் என்று கொள்கிறது. வணிகரைப் பாராட்டும் செய்தியும் வணிகர் தரும் விளம்பரமும் இவ்வரையறைக்குள் அடங்கா. கருத்து ஆறு கூறுகளாக வளர்க்கப்படுகிறது.

1. விலைச்செய்தி வணிகரின் தனிக் கருவியாகப் பிறந்தது

16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பம் தன் முகவர்களிடமிருந்து பெற்றுவந்த செய்திமடல்களும், 1734 முதல் லண்டனில் கப்பல் வரவைத் தொகுத்து வெளிவந்த லாயிட்ஸ் லிஸ்ட் ஏடும், 1851இல் ராய்ட்டர் தொடங்கிய தந்திச் செய்தி நிறுவனமும், 1889இல் தோன்றிய வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் ஒரே தேவையிலிருந்து எழுந்தவை: தொலைவிலுள்ள சந்தையின் விலையை அடுத்தவருக்கு முன்பாக அறிய வேண்டும் என்பதே அத்தேவை. மலாயாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1845இல் சிங்கப்பூரில் தோன்றிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் 1896இல் கோலாலம்பூரில் தொடங்கிய மலாய் மெயிலும் ஆங்கிலேய வணிகர், தோட்ட முதலாளி, அதிகாரி ஆகியோரை வாசகராகக் கொண்டவை. 1901இல் இன்றைய கிள்ளான் துறைமுகம் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட பின், ஈயமும் ரப்பரும் கப்பலேறும் விலையே இவ்வட்டாரத்தின் பொருளாதார நாடித்துடிப்பாயிற்று.

தமிழ் வணிகரிடமும் தகவல் வலை ஒன்று இருந்தது. கோலாலம்பூரின் லெபோ அம்பாங் தெருவில் கிட்டங்கி அமைத்துக் கடன் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்கும் இங்கிருந்த முகவருக்கும் இடையே ஓடிய கடிதங்களாலும், தமக்குள் கூடி முடிவு செய்த நடப்பு வட்டியாலும் சந்தையை அறிந்தனர். காரைக்குடியில் 1920இல் தொடங்கிய தனவைசிய ஊழியன், ஏ. கே. செட்டியார் ஆசிரியராயிருந்த ரங்கூன் தனவணிகன் முதலிய ஏடுகள் அச்சமூகத்துக்குப் பொதுமேடையாயின. எனினும் கடன் கொடுப்பவரிடம் சேர்ந்த இவ்வறிவு, கடன் வாங்குபவருக்கோ தோட்டத்தில் உழைத்த தமிழருக்கோ எட்டவில்லை.

இதற்கு மாறான மரபு சென்னையில் எழுந்தது. 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், ஆங்கிலேய ஆட்சியின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்து ஒரு நூலே எழுதியவர். 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, பங்கு வாங்குவது நாட்டுப்பற்றின் வெளிப்பாடாகத் தமிழ்ப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. வணிகச் செய்தி பொதுமக்களுக்கு உரியது என்னும் எண்ணம் தமிழில் இவ்வாறு வேர்கொண்டாலும், பங்கு வாங்கத் தூண்டும் எழுத்து நிறுவனத்தின் கணக்கை ஆராயும் எழுத்தைவிட எளிதாகப் பரவும் என்பதற்கும் அதுவே தொடக்கச் சான்றாயிற்று. இவ்விரு போக்குகளும் மலாயாத் தமிழ் இதழியலில் பின்னர் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன.

2. விலையும் கூலியும் ஒரே பக்கத்தில் வந்தபோது அது பேரம் பேசும் வலிமையாயிற்று

1924இல் கோலாலம்பூரில் கி. நரசிம்ம ஐயங்கார் தமிழ் நேசனைத் தொடங்கியபோது, ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்து விலையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டீவன்சன் திட்டம் நடைமுறையில் இருந்தது. 1922 முதல் 1928 வரை நீடித்த அத்திட்டம் லண்டனில் வகுக்கப்பட்டது. அதன் விளைவு வேலை நாட்களாகவும் கூலியாகவும் சிலாங்கூர்த் தோட்டங்களில் உணரப்பட்டது. 1929க்குப் பிந்திய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை ஓர் இராத்தலுக்குச் சில காசுகளாக வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். கடன் கட்ட இயலாதோரின் நிலங்கள் செட்டியார் கைக்கு மாறத் தொடங்கியதன் எதிரொலியாக, மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலத்தை அவர்களிடம் ஈடு வைக்க இயலாதவாறு 1933இல் சட்டம் இறுக்கப்பட்டது. தோட்டத்திலிருந்து கப்பலேறியவருக்கும் லெபோ அம்பாங்கில் கடன் ஏட்டைப் புரட்டியவருக்கும் தலைவிதியை எழுதியது ஒரே விலைதான். அவ்விலை ஏன் வீழ்ந்தது என்று விளக்கும் பொறுப்பு, இருவரும் படிக்கக்கூடிய மொழியில் இருந்த ஏடுகளையே சார்ந்திருந்தது.

அப்பொறுப்பின் உச்சம் கிள்ளானில் வெளிப்பட்டது. போர்க்காலத் தேவையால் ரப்பர் விலை உயர்ந்திருந்த 1941இல், தோட்டக் கூலி அதற்கேற்ப உயரவில்லை. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளர் பெற்றது இந்தியர் பெற்றதைவிட அதிகம். தமிழ் நேசனின் துணையாசிரியராகப் பணியாற்றிய ஆர். எச். நாதன் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்று, கூலி உயர்வையும் சம ஊதியத்தையும், கள்ளுக்கடை ஒழிப்பு முதலிய மானக் கோரிக்கைகளையும் ஒருங்கே முன்வைத்தார். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டதும் வேலைநிறுத்தம் பரவியது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, நாதன் நாடு கடத்தப்பட்டார். இப்போராட்டம் தொழிற்சங்க வரலாற்றின் பகுதியாகவும் தேசிய எழுச்சியின் பகுதியாகவும் எழுதப்பட்டிருப்பது முறையே. இதழியல் வரலாற்றிலும் அதற்கோர் இடம் உண்டு: முதலாளி பெறும் விலையையும் தொழிலாளி பெறும் கூலியையும் ஒப்பிட்டுக் காட்டுவது வணிகச் செய்தியின் மிக அடிப்படையான செயல், அச்செயலை அறிந்த ஒரு பத்திரிகையாளர் அதைத் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார்.

போருக்குப் பின் இவ்வொப்பீடு ஒப்பந்தமாகவே மாறியது. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி. பி. நாராயணன் தலைமையில் முதலாளிகளோடு நடத்திய பேச்சுகளில், பால்வெட்டுத் தொழிலாளியின் கூலி ரப்பரின் சராசரி விலையோடு இணைக்கப்பட்டது. விலை ஒரு படியைத் தாண்டினால் கூலியும் ஒரு படி ஏறும் என்பது அதன் சாரம். இதனால் ரப்பர் விலை வெளியாகும் பத்தி, முதலீட்டாளரைப் போலவே லயத்து வீட்டுத் தொழிலாளியும் தேடிப் படிக்க வேண்டிய பத்தியாயிற்று. சங்கத்தின் தமிழ் ஏடான சங்கமணியும் நாளிதழ்களும் அத்தேவையை ஓரளவு நிறைவு செய்தன.

3. கூட்டுறவு இயக்கம்: பரப்புரையின் வெற்றி, கணக்கின் காத்திருப்பு

1950களில், விடுதலையை எதிர்நோக்கிய ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து மறுவிற்பனை செய்தனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இந்நடவடிக்கையில் வேலையும் வீடும் ஒருங்கே பறிபோயின. இதற்கு மறுமொழியாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளித் தவணையில் தொழிலாளியே வாங்க வழிசெய்து, திரண்ட தொகையால் தோட்டங்களை வாங்கியது. கூலிக்காரர் தாம் உழைக்கும் மண்ணின் பங்குதாரராகும் இக்கருத்தை வீடுவீடாகக் கொண்டு சேர்த்ததில் தமிழ் ஏடுகளின் பங்கு பெரிது.

ஆயினும் உறுப்பினரைச் சேர்க்கும் எழுத்து வேறு, உறுப்பினரானவருக்கு ஆண்டுதோறும் கணக்கு விளக்கும் எழுத்து வேறு. முன்னதற்கு ஆர்வம் போதும். பின்னதற்கு ஆண்டறிக்கையைப் படிக்கும் பயிற்சி வேண்டும். இருப்புநிலைக் குறிப்பு, அதாவது ஒரு நிறுவனத்தின் உடைமையையும் கடனையும் ஒரு குறிப்பிட்ட நாளில் நிறுத்திக் காட்டும் பட்டியல், என்ன சொல்கிறது, இலாப ஈவு உண்மையான வருமானத்திலிருந்து வருகிறதா, நிலத்தை விற்ற பணத்திலிருந்து வருகிறதா, தணிக்கையாளர் தம் குறிப்பில் ஐயம் எழுப்பியுள்ளாரா என்னும் கேள்விகளை முறையாக எழுப்பும் மரபு அக்கால ஏடுகளில் வேரூன்றவில்லை. நிலநிதிச் சங்கம் நிலைத்து வளர்ந்ததால் இக்குறை பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த தலைமுறையின் முயற்சியில் அது வெளிப்பட்டது.

4. மைக்கா: ஆராயப்படாத கணக்கின் விலை

1982இல் மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் முன்முயற்சியில் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ், புதிய பொருளாதாரக் கொள்கையின் காலத்தில் நாட்டின் நிறுவன உடைமையில் இந்தியரின் பங்கை உயர்த்தும் நோக்கோடு, ஏறத்தாழ 66,000 பங்குதாரரிடமிருந்து 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டியது. தமிழ் ஏடுகளும் மேடைகளும் இதைச் சமூகக் கடமையாக முன்வைத்தன. சுதேசிக் கப்பல் காலத்தில் கண்ட தூண்டும் எழுத்து, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் கோலாலம்பூரில் மீண்டும் தோன்றியது எனலாம்.

இங்கே ஒரு நுட்பத்தை அவை கவனிக்க வேண்டும். மைக்கா பொது நிறுவனமாயினும் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படவில்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனத்துக்கு நாள்தோறும் விலை உண்டு. விலை திடீரென மாறினால் சந்தை நிர்வாகம் விளக்கம் கேட்கும். பகுப்பாய்வாளர் கணக்கைக் கிளறுவர். அதிருப்தி கொண்டவர் பங்கை விற்று வெளியேறலாம். பட்டியலிடப்படாத நிறுவனத்தில் இவற்றில் ஒன்றும் இல்லாததால், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வெளியே எஞ்சும் ஒரே காவல் பத்திரிகைதான். ஆங்கில வணிக ஏடுகளோ பெரிதும் பட்டியலிட்ட நிறுவனங்களையே பின்தொடர்ந்தன. ஆகவே இந்நிறுவனத்தை ஆண்டுதோறும் ஆராயும் தேவையும் வாய்ப்பும் தமிழ் ஏடுகளுக்கே அதிகம் இருந்தன.

1990இல் டெலிகாம் மலேசியா பங்குச்சந்தைக்கு வந்தபோது, மைக்காவுக்கென எண்ணப்பட்டிருந்த 1 கோடி பங்குகளில் 10 லட்சம் மட்டுமே அதற்குச் சென்றது, எஞ்சியவை வேறு 3 நிறுவனங்களுக்குச் சென்றன என்ற செய்தி 1992இல் வெளிவந்து பெரும் விவாதமாயிற்று. விசாரணை நடந்தும் எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. அவ்விவாதத்தில் தமிழ் ஏடுகள் அரசியல் அணிகளுக்கேற்பப் பிரிந்து நின்றன. தமிழ் நேசனின் உரிமை ம.இ.கா. தலைமையோடு உறவுடைய குடும்பத்திடம் இருந்ததும், எதிரணியினரை ஆதரித்த ஏடுகளுக்கும் அரசியல் சார்பு இருந்ததும் பொதுவில் அறியப்பட்டவை. யார் குற்றவாளி, யார் துரோகி என்ற வினா பல பக்கங்களை நிரப்பியபோது, நிறுவனத்தின் முதலீடு எத்துறைகளில் முடங்கியுள்ளது, ஒரு பங்கின் நிகர மதிப்பு என்ன, அது ஆண்டுக்காண்டு எவ்வாறு மாறியது என்ற வினாக்கள் பின்தள்ளப்பட்டன. 2010இல் தொழிலதிபர் ஜி. ஞானலிங்கம் முன்னெடுத்த கொள்முதலின்வழிப் பங்கொன்றுக்கு 80 சென் கொடுக்கப்பட்டபோது, ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கியவர் ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின், அதுவும் பணவீக்கத்தைக் கணக்கிடாமலே, போட்டதைவிடக் குறைவாகப் பெற்றார்.

இது இந்தியச் சமூகத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1986இல் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியபோது, பெரும்பாலும் சீனச் சமூகத்தைச் சேர்ந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சேமிப்பாளர் பாதிக்கப்பட்டனர். இன உணர்வை முதலாகக் கொண்டு திரட்டப்படும் சேமிப்புக்குக் கண்காணிப்பு குறைவு, ஏனெனில் கேள்வி கேட்பவர் இனத்துக்கு எதிரானவராகக் காட்டப்படுகிறார். இந்த உண்மையை அவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்தே மெய்ப்பிக்கின்றன.

5. ஆங்கில வணிக ஏடுகள் வளர்ந்த விதமும் அவை தரும் பாடமும்

1976இல் தொடங்கிய பிசினஸ் டைம்ஸ் நாளிதழும் 1994இல் தொடங்கிய தி எட்ஜ் வார ஏடும் மலேசியாவில் வணிக இதழியலைத் தனித் தொழிலாக நிலைநிறுத்தின. 1997 தொடக்கத்தில் 1,270 புள்ளிகளை எட்டியிருந்த கோலாலம்பூர்ப் பங்குச்சந்தைக் குறியீடு 1998 செப்டம்பர் 1ஆம் நாள் 262 புள்ளிகளுக்கு வீழ்ந்ததும், அதே நாட்களில் அரசு ரிங்கிட்டின் மதிப்பை டாலருக்கு 3.80 எனக் கட்டியதும், பயணி ஒருவர் 1,000 ரிங்கிட்டுக்கு மேல் ரொக்கம் கொண்டு செல்லக் கூடாதென வரம்பிட்டதும் நாணயக் கொள்கையைச் சாமானியரின் பயணப்பைக்குள்ளேயே கொண்டுவந்தன. தமிழகத்துக்குச் செல்வோருக்கும் பணம் அனுப்புவோருக்கும் இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. 2005 ஜூலை வரை நீடித்த அக்கட்டின் காரணத்தையும் பயனையும் தீமையையும் நன்கு விளக்கிய எழுத்து ஆங்கிலத்திலேயே அதிகம் கிடைத்தது.

வணிக இதழியலின் ஆற்றலை நாடு முழுவதும் உணர்ந்தது 2015இல். 2009இல் அமைக்கப்பட்ட 1எம்டிபி என்னும் அரசு முதலீட்டு நிறுவனத்தின் கடனையும் பணப் பரிமாற்றத்தையும் தொடர்ந்து ஆராய்ந்த தி எட்ஜ் வார ஏட்டையும் அதன் நிதி நாளேட்டையும் உள்துறை அமைச்சு 3 மாதங்களுக்கு இடைநிறுத்தியது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவ்வாணையை ரத்துச் செய்தது. அச்சகம், வெளியீடு பற்றிய 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றே இயங்கும் ஏடுகளுக்கு அச்சம் இயல்பானது. 2012இல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறை நீக்கப்பட்டாலும் உரிமம் நீங்கவில்லை. இருந்தும் அவ்வாராய்ச்சியை நிமிர்ந்து நிற்கச் செய்தது தலையங்கத்தின் வீரம் அன்று; வங்கி ஆவணமும், தேதியும், தொகையும், ஒன்றோடொன்று பொருந்தாத கணக்குகளைப் பொறுமையாக ஒப்பிட்ட உழைப்பும்தான். சொந்த வருவாய்க்குப் போதிய வாசகரைப் பெற்றிருந்ததும் அவ்வுழைப்புக்குத் துணைநின்றது.

6. இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்கும் தமிழ் ஏடுகளின் முன்னுள்ள பணியும்

2010 அக்டோபரில் லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைக்கப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளானின் தெங்கு கெலானா சாலையிலும் வரிசையாக நிற்கும் துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை, உணவகம், மளிகைக்கடை, நாணய மாற்றகம் ஆகியவற்றின் உரிமையாளர்க்கு நாள்தோறும் வேண்டிய வணிகச் செய்தி மிகுதி. தங்க விலையும் ரூபாய் மதிப்பும் கைப்பேசியில் நொடியில் கிடைத்துவிடுகின்றன, விளக்கம்தான் கிடைப்பதில்லை. 2015இல் 6 விழுக்காட்டில் வந்து 2018இல் நீங்கிய பொருள் சேவை வரியும், அதன் இடத்தில் திரும்பிய விற்பனை சேவை வரியும், 2024 ஆகஸ்டில் பெருநிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கிய மின்-விலைப்பட்டியல் முறையும், முடிதிருத்தகம், நகை, துணிக்கடைத் துறைகளுக்கு அந்நியத் தொழிலாளரை அமர்த்துவது பற்றிய மாறிவரும் விதிகளும் ஒரு சிறு கடையின் நிலைபேற்றையே தீர்மானிக்கின்றன.

சம்பளக்காரரின் நிலையும் இதுவே. 1951இல் உருவான ஊழியர் சேமநிதி வாரியம் 2024 மே முதல் புதிய சந்தாவை ஓய்வுக்கால, நல்வாழ்வு, நெகிழ்வுக் கணக்குகளாக முறையே 75, 15, 10 விழுக்காடு எனப் பிரிக்கிறது. எந்நேரமும் எடுக்கத்தக்க அந்தப் 10 விழுக்காட்டை இன்று எடுத்தால் 55 வயதில் எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுக் காட்டும் ஒரு கட்டுரை, பல அறிவுரைகளுக்கு ஈடாகும். வட்டி முதலைகளும் இணைய முதலீட்டு மோசடிக்காரர்களும் தமிழிலேயே பேசி ஆள் பிடிக்கும் காலத்தில், பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களைத் தமிழில் தொடர்ந்து எடுத்துரைப்பது வணிகப் பக்கத்தின் தவிர்க்க இயலாத பணி.

ஆனால் தமிழ் ஏடுகளின் பொருளாதார நிலையே நொய்ந்திருக்கிறது. 94 ஆண்டுகள் வெளிவந்த தமிழ் நேசன் தொடர் நட்டத்தால் 2019 ஜனவரி இறுதியோடு நின்றது. விளம்பரத்தை நம்பி வாழும் ஏட்டில் வணிகப் பக்கம் கடைத்திறப்பு, விருதளிப்பு, சங்கத் தேர்தல் ஆகியவற்றால் நிரம்புவது வியப்பன்று. அத்தகைய பக்கத்தை வாசகர் காசு கொடுத்து வாங்காமல் போவதும் வியப்பன்று. தமிழகத்தில் நாணயம் விகடன் போன்ற இதழ்கள் தனிநபர் நிதிக்குத் தமிழில் வாசகர் உண்டு என்பதைக் காட்டியிருக்கின்றன. எனினும் அவை பேசும் வரியும் சட்டமும் இந்தியாவுக்குரியவை, மலேசியத் தமிழரின் சேமநிதிக்கும் கூட்டுறவுக்கும் விடை இங்கேதான் எழுதப்பட வேண்டும்.

இவற்றிலிருந்து நான்கு நடைமுறைகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழர் பெருமளவில் உறுப்பினராகவோ பங்குதாரராகவோ உள்ள ஒவ்வொரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் ஆண்டுதோறும் ஒரே அளவுகோலால் தமிழில் ஆராயப்பட வேண்டும். நட்டம் வந்த ஆண்டில் மட்டும் எழுதினால் அது பகையாகத் தோன்றும், எல்லா ஆண்டும் எழுதினால் அது முறையாகும். இரண்டாவது, சிறு கட்டணத்தில் எவரும் பெறக்கூடிய நிறுவனப் பதிவு விவரங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் செய்தியின் அடிப்படையாக வேண்டும். மேடைப் பேச்சு அவற்றுக்குப் பின்னரே இடம்பெற வேண்டும். மூன்றாவது, காசு பெற்று வெளியிடப்படுவது விளம்பரம் என்று குறிக்கப்படுவதோடு, எழுதப்படும் நிறுவனத்தோடு ஏட்டின் உரிமையாளருக்கு உறவிருப்பின் அதுவும் அதே பத்தியில் தெரிவிக்கப்பட வேண்டும். நான்காவது, கணக்கியல் பயின்ற இளைஞரைத் தமிழில் எழுதவும், தமிழ் பயின்ற இளைஞரைக் கணக்குப் படிக்கவும் பழக்கும் பயிற்சியைப் பல்கலைக்கழகமும் வணிகச் சங்கங்களும் சேர்ந்து நடத்த வேண்டும்.

இந்நான்கில் முதலாவதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஓர் அறக்கட்டளை ஆண்டுக்கொரு சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையோடு சிறிது சேர்த்தால், ஒரு கணக்காளரும் ஓர் இதழாளரும் இணைந்து சில நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் தமிழில் விளக்கி, எல்லா ஏடுகளுக்கும் கட்டணமின்றிக் கொடுக்க இயலும். விளம்பரத்தைச் சாராத அவ்வெழுத்தை வெளியிட ஏதேனும் ஓர் ஏடு தயங்கினால், அத்தயக்கத்தின் காரணத்தையும் வாசகர் அறிந்துகொள்வர். இவ்வறக்கட்டளையே அதைத் தொடங்கிவைக்கலாம் என்ற முன்மொழிவோடு இவ்வுரை நிறைவுறுகிறது.